பிள்ளைகளை பஸ்ஸிலிருந்து இறக்கி நடக்க விடுவோம்



கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோர்களும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்களும், பழைய மாணவர்களும் நேரம் எடுத்து வாசிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

போன வருடம் கல்விச் சுற்றுலா போய் வந்த பிறகு, தரம் 10 பிள்ளைகளிடம் ஒரு கட்டுரை எழுதச் சொன்னோம். தலைப்பு: 'கொழும்பில் நான் கண்டவை'. கொப்பிகளைத் திருத்த உட்கார்ந்த எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதியிருந்தது ஓடும் படிக்கட்டைப் பற்றி. மீதிப் பேர் தெஹிவளை மிருகக்காட்சிச் சாலையைப் பற்றியும், பஸ்ஸில் போட்ட பாட்டுகளைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். ஒரு மகன் மட்டும் உண்மையை அப்படியே எழுதியிருந்தான்: 'கொழும்பு வந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். எழும்பியபோது கொழும்பு முடிந்துவிட்டது.'

பிள்ளைகளில் பிழை இல்லை. மூன்று நாளில் கண்டி, நுவரெலியா, கொழும்பு என்று ஓடினோம். கொழும்பில் இருந்த ஒரு நாளில் ஐந்து மணித்தியாலம் வாகன நெரிசலில் போனது. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே விரலைக் காட்டி "அது பழைய பாராளுமன்றம், அது காலிமுகத்திடல்" என்று மைக்கில் சொன்னோம். பாட்டுச் சத்தத்தில் பின்சீட்டுக்கு அது கேட்டும் இருக்காது. இதற்குத்தான் ஒவ்வொரு வீட்டிலும் கடன்பட்டுக் காசு தந்திருந்தார்கள்.

இந்த வருடம் வேறு விதமாகச் செய்து பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். அதிபரோடு பேசி, வலயத்தில் அனுமதி எடுத்து, ஆசிரியர்கள் நாங்கள் நான்கு பேர், பிள்ளைகள் இருபத்தாறு பேர். பெரிய பஸ் பிடிக்கவில்லை. ஊரிலிருந்து இரவு பஸ்ஸில் சீட் புக் பண்ணிப் போனோம். கொழும்பில் ஒரு நாள், முழுவதும் நடை. ஒரு பிள்ளைக்கு முடிந்த செலவு போன வருடம் வாங்கிய காசில் பாதிக்கும் குறைவு.

விஷயம் ஊரில் பரவியதும் கோல் வரத் தொடங்கியது. "சேர், வெயிலுக்குள்ள நடந்தா போறது?", "பொம்புளப் புள்ளைகளயும் ரோட்டால நடத்தியா கூட்டிப் போறீங்க?" இவற்றுக்கு நாங்கள் பதில் வைத்திருந்தோம். ஒரு உம்மா கேட்டதற்குத்தான் உடனே பதில் வரவில்லை. "சேர், பர்தாவோட கொழும்பு ரோட்டில கூட்டமா நடந்தா ஆரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்கதானே?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர் படிக்காதவர் இல்லை. அவருடைய தம்பி கொழும்பில் வேலை செய்கிறார். அவரே வருடத்துக்கு இரண்டு தடவை கொழும்பு போய் வருபவர். ஆனால் எதற்குப் போகிறார்? பாஸ்போட் எடுக்க, ஆஸ்பத்திரிக்கு, பெருநாளைக்குப் புறக்கோட்டையில் சாமான் எடுக்க. வேலை முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறுகிறார். நம்மில் அதிகம் பேருக்குத் தலைநகரம் இதுதான். நமது பிள்ளைகளுக்கும் அந்தக் கொழும்பைத்தான் கொடுக்கப் போகிறோமா என்பதுதான் இந்தப் பதிவின் கேள்வி.

புதுக்கடையில் ஒரு மாணவியின் மாமி வீடு இருக்கிறது. விடியப் புறம் அங்கே போய் இறங்கி, சுபஹ் தொழுது, முகம் கழுவி, பாணும் சம்பலும் சாப்பிட்டு, ஆறரைக்கு நடக்கத் தொடங்கினோம். அந்த மாமிக்கும் குடும்பத்தாருக்கும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். எல்லாப் பிள்ளைகளும் பாடசாலைச் சீருடை. ஐந்து குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் வழியில் ஒரு பகுதி. அந்தப் பகுதிக்கு அந்தக் குழுதான் வழிகாட்டி. போனில் மெப் பார்க்கக் கூடாது. தெரியாவிட்டால் ரோட்டில் நிற்பவரிடம் சிங்களத்தில் கேட்க வேண்டும். இதுதான் சட்டம்.

நியூ மூர் வீதியில் பெரிய பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு வுல்ஃபெண்டால் தேவாலயத்துக்கு ஏறினோம். ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்தது. அந்தப் பெயருக்கு அவர்கள் மொழியில் ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று அர்த்தம். அந்தப் பக்கம் திரிந்த நரிகளை ஓநாய் என்று நினைத்துவிட்டார்கள் என்பார்கள். தரம் 10 வரலாற்றுப் புத்தகத்தில் 'ஒல்லாந்தர் காலம்' என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள், அந்தத் தடித்த சுவரில் கையை வைத்துப் பார்த்தார்கள். "சேர், இது நம்மட புத்தகத்தில இரிக்கிற ஒல்லாந்தர்தானா?" என்று ஒருவன் கேட்டான். பத்து வருடமாக வகுப்பில் நாங்கள் சொன்னது அவனுக்கு அப்போதுதான் நம்பிக்கையாகியது.

அங்கிருந்து இறங்கினால் கொச்சிக்கடை. புனித அந்தோனியார் தேவாலயம்.

இதை வழியில் சேர்ப்பதா வேண்டாமா என்று நாங்கள் நான்கு பேரும் இரண்டு வாரம் பேசினோம். ஒரு ஆசிரியை வேண்டாம் என்றார். "பிள்ளைகள் பயந்துபோனால் என்ன செய்வது? யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்?" என்று கேட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் நூறு யார் தூரத்தில் நடந்துகொண்டு, அந்த இடத்தை மட்டும் தவிர்த்துச் சுற்றிப் போனால் அதுவும் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்தான். அந்தப் பாடத்தைக் கற்பிக்க எங்களுக்கு விருப்பமில்லை. போனோம்.

வாசலில் எல்லாருடைய பைகளையும் பார்ப்பதைப் போல எங்கள் பைகளையும் பார்த்தார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று காவலாளி சிங்களத்தில் கேட்டார். அம்பாறை மாவட்டம், பாடசாலைப் பிள்ளைகள் என்று குழுத் தலைவி சொன்னாள். அவர் தலையை ஆட்டி உள்ளே போகச் சொன்னார். அவ்வளவுதான். பெரிய வரவேற்பும் இல்லை, வெறுப்பான பார்வையும் இல்லை. இரண்டு வாரமாக நாங்கள் பயந்தது இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த தாக்குதல்களில் நாடு முழுவதும் 250க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். கொச்சிக்கடையில் பூசைக்கு வந்தவர்கள் குடும்பம் குடும்பமாக இறந்தார்கள். அவர்களை நினைத்துச் சில நிமிடங்கள் பேசாமல் நின்றோம். யாருக்கும் நாங்கள் உபதேசம் எதுவும் செய்யவில்லை.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகு ஒரு மகள் எங்களுக்குப் பக்கத்தில் வந்தாள். "டீச்சர், அந்த நேரம் நான் நாலாம் வகுப்பு. எங்கட வீட்டுக்கு ஆமி வந்து அலுமாரியெல்லாம் கிண்டினதுதான் எனக்கு ஞாபகம். வாப்பா அழுதாரு. இவ்வளவு நாளும் எனக்கு அதுதான் அந்தச் சம்பவம். இங்க செத்த ஆக்கள நான் யோசிச்சதே இல்ல." அவள் குற்ற உணர்வோடு சொல்லவில்லை. புதிதாக ஒன்று தெரிந்துகொண்டதைப் போலச் சொன்னாள். அவளுடைய வீட்டுக்கு நடந்ததும் உண்மை, இங்கே நடந்ததும் உண்மை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அவளால் முடிந்தது. அதை பஸ் ஜன்னல் வழியாகக் கற்பித்திருக்க முடியாது.

கொச்சிக்கடையிலேயே கொஞ்சம் தள்ளிக் கருங்கல்லால் கட்டிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். அதைத் தாண்டினால் செட்டியார் தெரு, இரண்டு பக்கமும் நகைக்கடைகள். பெண் பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவது கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது. அடுத்தது கேமன்ஸ் கேட், பழைய மணிக்கூண்டு. ஒல்லாந்த மொழியில் கேமன் என்றால் முதலை. கோட்டையின் அகழியில் கிடந்த முதலைகளால் வந்த பெயர். அதன் பிறகு புறக்கோட்டை. ஆங்கிலத்தில் பெட்டா என்று எழுதுகிறார்களே, அது நமது 'பேட்டை' என்ற சொல்லிலிருந்து போனது என்று சொன்னதும் பிள்ளைகளுக்கு ஒரு சந்தோஷம்.

இரண்டாம் குறுக்குத் தெருவுக்குள் திரும்பியதும் ஒருவன் சத்தமாகக் கூப்பிட்டான். "சேர், இது வாப்பாட பில்லில இரிக்கிற தெரு!" அவனுடைய வாப்பாவுக்கு ஊரில் சின்னப் புடவைக்கடை. சிறு வயதிலிருந்து வீட்டு மேசையில் கிடந்த பில்லில் அந்தத் தெருவின் பெயரைப் பார்த்து வளர்ந்தவன். அந்தத் தெருவுக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக வருகிறான். நாட்டாமைமார் வண்டில் தள்ளிக்கொண்டு வழி கேட்டுக் கத்துவதையும், வாப்பா மாதம் ஒரு முறை இந்த நெரிசலுக்குள் மூட்டை தூக்குவதையும் அவன் கொஞ்ச நேரம் நின்று யோசித்திருக்க வேண்டும். அதன் பிறகு அவன் அதிகம் பேசவில்லை.

அதே தெருவில்தான் சம்மாங்கோட்டுப் பள்ளி. சிவப்பு வெள்ளைப் பள்ளி என்றால் எல்லாருக்கும் தெரியும். சரியான பெயர் ஜாமிஉல் அல்பார். 1908இல் தொடங்கி 1909இல் முடித்தது. கட்டட வரைபடம் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை என்பவருடையது. அவர் அதற்கென்று முறையாகப் படித்தவர் இல்லை, இந்திய வியாபாரிகள் கொடுத்த படங்களைப் பார்த்தே வரைந்தார் என்று சொல்லப்படுகிறது. உயரமான கட்டடங்கள் வருமுன் கப்பலில் வருபவர்கள் இந்தப் பள்ளியைப் பார்த்துத்தான் கொழும்பு வந்துவிட்டது என்று அறிந்தார்களாம். வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். நமது பிள்ளைகளில் ஒருவர்கூட அதற்கு முன் அதை நேரில் பார்த்ததில்லை.

கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டிக் கோட்டைக்குள் போனோம். அந்தக் கோபுரம் பம்பாயிலிருந்து வந்த ஒரு பார்சிக் குடும்பம் தகப்பன் நினைவாகக் கட்டியது. சத்தம் வீதிச் சந்தியில் இருக்கும் இன்னொரு மணிக்கூண்டு 1867இலிருந்து வெளிச்சவீடாகவும் இருந்தது. சுற்றிக் கட்டடங்கள் உயர்ந்து வெளிச்சம் கடலுக்குத் தெரியாமல் போனதால் 1952இல் அதை நிறுத்தினார்கள்.

இந்த இடத்தில் எங்கள் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். காலிமுகத்திடலுக்கு நாங்கள் போன நேரம் பதினொன்றரை. நிழல் கிடையாது. ஒரு பிள்ளைக்குத் தலை சுற்றியது. புதுச் சப்பாத்து போட்டு வந்த மூன்று பேருக்குக் காலில் கொப்பளம். அடுத்த முறை போகிறவர்கள் காலிமுகத்திடலைப் பின்னேரத்துக்கு வையுங்கள். பழைய சப்பாத்து, தொப்பி அல்லது குடை, ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர் கட்டாயம். செவ்விளநீர் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தோம்.

காலிமுகத்திடலில் ஒரு பழைய கல் இருக்கிறது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் அந்த நடைபாதையைத் தொடங்கி 1859இல் முடித்தார். கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணும்படி தனக்குப் பின் வரும் ஆளுநர்களுக்கு அந்தக் கல்லில் சொல்லி வைத்திருக்கிறார். பெண் பிள்ளைகளை ரோட்டால் நடத்துவதா என்று கேட்ட சகோதரர்களுக்கு நாங்கள் கொண்டுவந்த பதில் அந்தக் கல்தான். நூற்றறுபது வருடத்துக்கு மேலாகப் பெண்களும் பிள்ளைகளும் நடப்பதற்கென்றே வைத்த இடத்தில், நமது பெண் பிள்ளைகள் நடந்தால் என்ன குறை?

அதே திடலில் 2022இல் நாட்டு மக்கள் மாதக் கணக்கில் கூடியிருந்தார்கள். அந்த வருடம் ரமழானில் முஸ்லிம்கள் அங்கே இப்தார் செய்தபோது மற்றச் சமயத்தவரும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். போராட்டத்தைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கருத்து இருக்கலாம். 2019க்கு மூன்று வருடம் கழித்து அப்படி ஒரு காட்சியும் இந்த நாட்டில் நடந்தது என்பதைப் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும்.

ளுஹர் நேரம். நாங்கள் பயணிகள், ளுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழலாம் என்று முதலே சொல்லி வைத்திருந்தோம். வழியில் இருந்த ஒரு பள்ளிவாசலுக்குப் போனோம். ஆண் பிள்ளைகள் வுழு செய்து உள்ளே போய்விட்டார்கள். பெண்களுக்கு இடமில்லை என்றார்கள். வுழு செய்யவும், மலசலகூடம் போகவும்கூட இடமில்லை. பதின்மூன்று பெண் பிள்ளைகளும் இரண்டு ஆசிரியைகளும் வெயிலில் வாசலில் நின்றார்கள். பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு மலாய்ப் பெரியம்மா ஜன்னலால் பார்த்துவிட்டு வந்து, தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அறை சின்னது. நான்கு நான்கு பேராகத் தொழுதார்கள். எல்லாரும் முடிய ஒரு மணித்தியாலம் எடுத்தது.

அன்றைக்கு முழுவதும் தெருவில் போன யாரும் எங்கள் பிள்ளைகளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெண் பிள்ளைகளுக்குக் கதவு மூடியது நமது சொந்த வாசலில்தான். இதைக் குறை சொல்லும் நோக்கத்தில் எழுதவில்லை. ஆனால் எழுதாமலும் விட முடியாது. பயணத்தில் வரும் ஒரு பெண்ணுக்கு வுழு செய்ய ஒரு குழாயும், தொழ ஒரு திரை மறைவும் ஏற்பாடு செய்வது பெரிய செலவில்லை. நகரங்களில் இருக்கும் பள்ளிவாசல் நிர்வாகங்கள் இதை யோசிக்க வேண்டும். நமது ஊர்ப் பள்ளிகளும்தான். வெளியூரிலிருந்து பெண் பிள்ளைகள் நமது ஊருக்கு நடந்து பார்க்க வந்தால் நாம் எந்தக் கதவைத் திறப்போம்?

கொம்பனித்தெருவில் சோற்றுப் பார்சல் சாப்பிட்டுவிட்டு பேர வாவிக் கரையால் நடந்தோம். தண்ணீரின் மேல் சீமா மாலகை. கங்காராமய விகாரைக்குச் சொந்தமானது. ஜெப்ரி பாவா வடிவமைத்தது. அதைக் கட்டக் காசு கொடுத்தவர் எஸ். எச். மூசாஜி என்ற முஸ்லிம் வர்த்தகர். அவரும் மனைவியும் இறந்துபோன தங்கள் மகன் அமீர் நினைவாகக் கொடுத்தார்கள். கரையில் நின்று இதைச் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. "உண்மையாவா சேர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சமூக ஊடகத்தில் நம்மைப் பற்றி எழுதப்படுவதையும், நாம் மற்றவர்களைப் பற்றி எழுதுவதையும் வாசித்து வளரும் பிள்ளைகளுக்கு இது நம்ப முடியாத செய்திதான்.

கடைசி இடம் தேசிய அருங்காட்சியகம். அந்தப் பகுதிக்கு வழிகாட்ட வேண்டிய குழுவின் தலைவன் ஒரு ஓட்டோ சாரதியிடம் போய், புத்தகத்தில் படித்த சிங்களத்தில் மிகக் கவனமாகக் கேட்டான். "ஜாதிக கௌதுகாகாரய கொஹேத தியென்னே?" அந்த மனிதர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "ஆ... மியுசியம் எகத?" எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அவரும் சிரித்தார். ஓட்டோவை விட்டு இறங்கி வளைவு வரைக்கும் கூடவே நடந்து வந்து வழியைக் காட்டினார். தரம் 6 முதல் இரண்டாம் மொழியாகச் சிங்களம் கற்பிக்கிறோம். பரீட்சையில் நல்ல புள்ளியும் எடுக்கிறார்கள். ஆனால் ஒரு சிங்கள மனிதரோடு பேசிச் சிரித்தது அவனுக்கு அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் குறைந்தது முப்பது பேரிடமாவது வழி கேட்டிருப்பார்கள். இரண்டு பேர் பிழையான வழி சொன்னார்கள். யாரும் திட்டவில்லை.

அந்த வெள்ளை மாளிகை 1877 ஜனவரி முதலாம் திகதி திறக்கப்பட்டது. அதைக் கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார், நமது ஆள். 1892இல் கொழும்பு ஸாஹிறா ஆரம்பித்தபோதும் அவருடைய கை அதில் இருந்தது. ஆளுநர் கிரகரி என்ன பரிசு வேண்டும் என்று கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் அருங்காட்சியகத்தை மூடுங்கள் என்று மட்டும் அவர் கேட்டதாக ஒரு கதை சொல்வார்கள்.

உள்ளே ஒரு கல்லின் முன் எல்லாரையும் உட்கார வைத்தோம். காலியில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹெ கொண்டுவந்தது. கல்லில் உள்ள வருடம் 1409. அவர் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயினாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் புகழும் காணிக்கைகளும் எழுதியிருக்கிறது. தேய்ந்த எழுத்துகளில் தமிழைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகள் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துத் தேடினார்கள். அறுநூறு வருடத்துக்கு முன் கடல் தாண்டி வந்த ஒருவர், இந்தத் தீவில் எத்தனை விதமான மக்கள் வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வந்திருக்கிறார். இங்கேயே பிறந்த நமக்கு அது தெரியாமல் போகலாமா?

கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட பத்துக் கிலோமீற்றர். கால் வலியோடு சாதாரண பஸ் ஏறிப் புறக்கோட்டைக்கு வந்து, இரவு பஸ்ஸில் ஊருக்கு வந்தோம். எல்லாரும் நன்றாகத் தூங்கினார்கள். இந்த முறை கொழும்பு முடிந்த பிறகுதான் தூங்கினார்கள்.

வந்த பிறகு சில விமர்சனங்கள். தேவாலயத்துக்கும் விகாரைப் பக்கமும் ஏன் கூட்டிப் போனீர்கள் என்பது ஒன்று. நாங்கள் அங்கே வணங்கவில்லை. பார்த்தோம், வரலாறு சொன்னோம், தொழுகை நேரத்தில் தொழுதோம். பக்கத்து வீட்டுக்காரன் எந்த வாசலில் அழுகிறான் என்று தெரிந்துகொள்வதால் நமது ஈமான் குறைந்துவிடாது. அதைத் தெரியாமல் வளரும் பிள்ளையைத்தான் யாரும் எந்தக் கதையும் சொல்லி ஏமாற்றலாம். அந்த ஏமாற்றம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நமது சமூகம் 2019இல் கண்டது.

இன்னொன்று, பிள்ளைகளுக்குச் சந்தோஷம் வேண்டாமா என்பது. வேண்டும். மிருகக்காட்சிச் சாலைக்கும் போகட்டும், தாமரைக் கோபுரத்திலும் ஏறட்டும். அதற்கு நாங்கள் எதிரி இல்லை. அதற்குக் 'கல்வி' என்று பெயர் வைத்துக்கொண்டு, ஏழைப் பெற்றோரின் காசை வாங்கி, பிள்ளைகளைக் கண்ணாடிக்குள் வைத்துச் சுற்றிக் காட்டுவதைத்தான் கேள்வி கேட்கிறோம்.

எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான். வருடத்தில் ஒரு நாளாவது ஒரு நகரத்தை நடந்து பார்ப்பதைப் பாடசாலைச் சுற்றுலாவில் சேர்ப்போம். நூறு பேர் வேண்டாம், இருபது இருபத்தைந்து பேர் போதும். கொழும்புதான் என்றும் இல்லை. காலிக் கோட்டை, கண்டி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு எல்லாமே நடந்து பார்க்கக்கூடிய ஊர்கள். கொழும்பில் இருக்கும் நமது ஊர்க்காரர்கள் ஒரு காலை நேரத்துக்கு வீட்டைத் திறந்து தந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பழைய மாணவர் சங்கங்கள் பஸ் ஸ்பொன்சர் பண்ணுவதற்குப் பதிலாக, வசதியில்லாத ஐந்து பிள்ளைகளின் செலவைப் பொறுப்பெடுக்கலாம். வழியையும் நேரத்தையும் மலசலகூட வசதி உள்ள இடங்களையும் நாங்கள் குறித்து வைத்திருக்கிறோம். எந்தப் பாடசாலை கேட்டாலும் தருவோம், இன்ஷா அல்லாஹ்.

புறப்படுமுன் கேள்வி கேட்ட அந்த உம்மா, வந்த மறுநாள் கோல் எடுத்தார். மகள் வந்ததிலிருந்து வாயை மூடவில்லையாம். கடைசியில் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "சேர், அடுத்த முற உம்மாமாரும் வரலாமா?"

வரலாம். பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

உங்கள் கருத்துகளைக் கீழே எழுதுங்கள். எங்களில் பிழை இருந்தால் திருத்துங்கள். வஸ்ஸலாம்.